நல்ல காலேஜ்தான், ஆனால் யாரும் கேட்பதில்லை: மும்பைத் தமிழ்ப் பெற்றோரின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சயானில் ஒரு தமிழ் மன்றக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிளஸ் டூ பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், விண்ணப்பம் நிரப்பித் தரலாம் என்று அங்கே போய் உட்கார்ந்தேன். விண்ணப்பத்தைவிடச் சந்தேகங்கள்தான் அதிகம் வந்தன. தாராவி, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “இது நல்ல இடம் என்கிறீர்கள், அப்புறம் ஏன் யாரும் சேர்வதில்லை?” அதன் கிளைகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

நல்ல காலேஜ்னா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்காதா மாமி?

தெரிந்திருக்காது. நானே சாட்சி. மாட்டுங்காவில் விஜேடிஐ இன்ஜினியரிங் காலேஜுக்கு அருகே ஐசிடி (இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி) என்று ஒரு பழைய வளாகம் இருக்கிறது. பூ வாங்கவும் கோவிலுக்கும் அந்தப் பக்கம் இருபது வருஷம் நடந்திருக்கிறேன். ஏதோ அரசாங்க ஆய்வுக்கூடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாக ஆரம்பித்தது அது. முகேஷ் அம்பானி கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தது அங்கே. டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனத்தை 1984-ல் தொடங்கிய அஞ்சி ரெட்டி படித்ததும், சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அறிவியல் ஆய்வு அமைப்பின் தலைவராக இருந்த மஷேல்கர் படித்ததும் அங்கேதான். அதன் இயக்குநராக இருந்த எம்.எம். சர்மா, லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வான இந்தியப் பொறியாளர்.

மருந்து, பெயின்ட், சாயம், பிளாஸ்டிக் கம்பெனிக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் சொன்னால் “கம்ப்யூட்டர் கிளாஸா?” என்று கேட்பார்கள். வேலை கொடுக்கிறவர்களுக்குத் தெரிந்த காலேஜும் விண்ணப்பம் போடுகிறவர்களுக்குத் தெரிந்த காலேஜும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அப்போ ஏன் யாருமே அதைப் பத்திப் பேசறதில்லை?

முதல் காரணம் பெயர். ஐசிடிக்கு முதலில் யூடிசிடி என்று பெயர். அப்புறம் எம்யூஐசிடி ஆனது. 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்தபோது ஐசிடி. அறுபது வருஷம் சேர்த்த பெயர் பெட்டியோடு பரணுக்குப் போய்விட்டது. தொழிற்சாலைகளில் வயதானவர்கள் இன்னமும் யூடிசிடி என்றுதான் சொல்கிறார்கள். பதினேழு வயதுப் பையனுக்கு ஐசிடி என்றால் பள்ளியில் படித்த கம்ப்யூட்டர் பாடம்.

இரண்டாவது, கோச்சிங் கிளாஸ் வாசலில் தொங்கும் பேனர். அதில் ஐஐடியும் எய்ம்ஸும் இருக்கும். இரண்டு வருஷம் பிள்ளை தினமும் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறான். அந்த பேனரில் இல்லாத காலேஜ் அவன் உலகத்தில் இல்லை. கிளாஸ் நடத்துகிறவரைக் குறை சொல்ல முடியாது. எல்லாருக்கும் புரிகிற பெயரைப் போட்டால்தான் அடுத்த வருஷ அட்மிஷன் நடக்கும்.

மூன்றாவது, சின்ன இடம். ஆயிரம் பேர் சேரும் காலேஜ் என்றால் உங்கள் தெருவிலேயே ஒரு பழைய மாணவர் இருப்பார். அறுபது பேர் சேரும் இடத்துக்கு எங்கே போய்த் தேடுவது? தனியார் காலேஜ் மாதிரி லோக்கல் ரயில் பெட்டியில் விளம்பரம் ஒட்ட அரசு நிறுவனத்துக்குப் பணமும் இல்லை, அவசியமும் இல்லை. வருகிற விண்ணப்பமே அவர்களுக்குப் போதும்.

கட்ஆஃப் குறைவா இருக்கே. அப்போ தரமும் குறைவுதானே?

இதுதான் பெரிய குழப்பம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் கட்ஆஃப் என்று பார்க்கும் குளோசிங் ரேங்க் என்பது, கடைசி சீட்டை எடுத்த பிள்ளையின் ரேங்க். போன வருஷம் எத்தனை பேர் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டார்கள் என்பதைத்தான் அது சொல்லும். அங்கே யார் பாடம் நடத்துகிறார், லேபில் என்ன இருக்கிறது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த வருஷப் பிள்ளைகள் போன வருஷ ரேங்கைப் பார்த்து விருப்பப் பட்டியல் போடுகிறார்கள். அடுத்த வருஷப் பிள்ளைகள் இவர்களைப் பார்த்துப் போடுவார்கள். வரிசையைப் பார்த்தே வரிசையில் நிற்கிற கதை.

ஐஐடிக்குள்ளேயே உதாரணம் உண்டு. இந்தியாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கற்பிப்பதை முதலில் ஆரம்பித்தது கான்பூர். 1963-ல் அங்கே ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பத்து வருஷம் துணை நின்றன. என் தலைமுறையில் கான்பூர் என்றால் ஒரு மரியாதை. இப்போது முதல் ஐம்பது ரேங்கில் பெரும்பாலோர் நம்ம பவாய் ஐஐடிக்கு வந்துவிடுகிறார்கள். கான்பூரில் பாடம் கெட்டுவிட்டதா? இல்லை. மும்பை பெரிய ஊர், விமானம் உண்டு, கம்பெனி உண்டு, போன வருஷ டாப்பரும் இங்கே இருக்கிறான்.

டீம்டு யுனிவர்சிட்டின்னு போட்டிருக்கு. டொனேஷன் காலேஜா?

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. 2009-ல் மத்திய அரசு அமைத்த குழு ஒன்று 44 நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தகுதியே இல்லை என்றது. அவற்றில் பல தமிழ்நாட்டில் இருந்தன. அன்றிலிருந்து ‘டீம்டு’ என்ற சொல்லுக்கே நம் வீடுகளில் ஒரு வாடை.

ஆனால் பெங்களூரு ஐஐஎஸ்சியும் (இந்திய அறிவியல் கழகம்) நிகர்நிலைதான், 1958 முதல். தேவ்னாரில் இருக்கும் டிஸ் (டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்) 1964 முதல். பிலானியின் பிட்ஸும் அதே வருஷம். பாராளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ பல்கலைக்கழகமாகப் பிறக்காமல், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அந்த அந்தஸ்து பெற்றது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அரசுப் பணத்தில் நடப்பதா, தனியார் அறக்கட்டளையா என்று பாருங்கள். டொனேஷன் சந்தேகம் அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

என்ஐஆர்எஃப் லிஸ்டைப் பார்த்தா போதாதா?

பாருங்கள், ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். என்ஐஆர்எஃப் என்பது கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு போடும் தரவரிசை. 2016-ல் முதல் பட்டியல் வந்தது. கற்பித்தலும் வசதிகளும் 30, ஆராய்ச்சி 30, படித்து முடித்தவர்களின் நிலை 20, எல்லாத் தரப்புக்கும் இடம் தருவது 10, மற்றவர்கள் மனதில் இருக்கும் பெயர் 10. கடைசிப் பத்து மதிப்பெண்ணில் நாம் பேசிக்கொண்டிருக்கும் பிரபலமே மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரே துறை மட்டும் நடத்தும் சின்ன நிறுவனங்கள் இந்த அளவுகோலில் சரியாகப் பொருந்துவதும் இல்லை.

ஆனால் அந்தத் தளத்தில் பலர் தொடாத ஒரு பொக்கிஷம் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் சமர்ப்பித்த விவரத் தாள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் நடுச் சம்பளம் (எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு என்று அதில் இருக்கும். ரேங்கைவிட எனக்கு அந்தத் தாள்தான் பிடிக்கும். பேங்க்காரி புத்தி.

சரி, பேரைச் சொல்லுங்க. மும்பையில் எதெது?

கலினா வளாகத்தில் சிஇபிஎஸ் என்ற அடிப்படை அறிவியல் மையம். அணுசக்தித் துறையும் மும்பைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007-ல் தொடங்கியது. பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருஷம், நேரடியாக எம்.எஸ்ஸி. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். இடம் ஏறத்தாழ 60 மட்டும். புவனேஸ்வரின் நைசர் என்ற அறிவியல் நிறுவனத்தோடு சேர்த்து நெஸ்ட் என்ற ஒரே தேர்வு. டிஐஎஃப்ஆர் (டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), பிஏஆர்சி (பாபா அணு ஆராய்ச்சி மையம்) விஞ்ஞானிகள் வந்து பாடம் எடுப்பார்கள். ஆராய்ச்சியில் ஆசை உள்ள பிள்ளைக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. கலினாவிலேயே குடியிருக்கிறவர்களுக்கும் இது இருப்பது தெரியாது.

கோவண்டி ஸ்டேஷனிலிருந்து தேவ்னார் போகிற வழியில் ஐஐபிஎஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், 1956-ல் தொடங்கியது. மக்கள்தொகைப் படிப்பு. குழந்தைகளின் ரத்தசோகை, பிறப்பு விகிதம் என்று பேப்பரில் வரும் தேசிய குடும்ப நல ஆய்வை 1992-93 முதல் முன்னின்று நடத்துவது இவர்கள்தான். பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கான இடம். கணக்கும் சமூகமும் இரண்டுமே பிடிக்கும் பெண்பிள்ளைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது முன்பே இந்தப் பெயரைக் கேட்டிருந்தாள் என்று நினைவில்லை.

வெர்சோவாவில் சிஐஎஃப்இ, மீன்வளம், 1961. இதுவும் மேல்படிப்புக்கு மட்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்ஸி. முடித்து இங்கே வருவது நல்ல வழி. சித்தப்பா பெரியப்பா அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கேட்டு வையுங்கள். கோரேகாவில் ஐஜிஐடிஆர், 1987-ல் ரிசர்வ் வங்கி தொடங்கியது, பொருளாதாரம்.

அப்புறம் எச்பிஎன்ஐ, ஹோமி பாபா தேசிய நிறுவனம். பட்டியல்களில் மேலே தெரியும், ஆனால் காம்பவுண்டும் கேன்டீனும் உள்ள ஒரே வளாகமாகத் தேடினால் கிடைக்காது. 2005-ல் அணுசக்தித் துறையின் நிறுவனங்களை ஒரே குடையில் சேர்த்துப் பட்டம் வழங்க ஏற்பட்டது. தலைமையகம் அணுசக்தி நகரில். சென்னை தரமணியின் கணிதவியல் நிறுவனமும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் பரேல் டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் இதற்குள் வரும். வளாகம் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு எங்கிருந்து பிரபலம் வரும்?

பி.இ. இல்லாம பையன் எப்படிப் பிழைப்பான்?

ஐசிடியில் பி.டெக். உண்டு, கெமிக்கல் இன்ஜினியரிங்கும் உண்டு, அதனால் அது பிழைப்புப் பிரச்சினையே இல்லை. சிஇபிஎஸ் மாதிரி இடங்களைப் பற்றித்தான் நியாயமாகக் கேட்க வேண்டும். அங்கே முடிக்கிறவர்களில் பெரும்பாலோர் பிஎச்.டி.க்குப் போகிறார்கள், உதவித்தொகையோடு. ஆனால் முழுச் சம்பளம் கையில் வர இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதாகிவிடும். வீட்டுக் கடனை இவன் தலையில்தான் கட்ட வேண்டும் என்றால், பெருமைக்காக அனுப்பாதீர்கள்.

‘ஒரு கோடி சம்பளம்’ என்று பேப்பரில் வருவது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். எந்தக் காலேஜாக இருந்தாலும் முன்னே சொன்ன விவரத் தாளில் நடுச் சம்பளத்தைப் பாருங்கள்.

ஊர்ல சொன்னா யாருக்கும் தெரியாது. நாளைக்குக் கல்யாணம்னு வந்தா?

சிரிக்க மாட்டேன், எங்கள் வீட்டிலும் கேட்ட கேள்விதான். “பெண் அடாமிக் எனர்ஜி டிபார்ட்மென்ட் சம்பந்தப்பட்ட இடத்தில் படிக்கிறாள்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

யாரும் சேராததுக்கு நல்ல காரணமும் இருக்கலாமே?

தாராளமாக. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, பெயர் தெரியாத காலேஜ் எல்லாம் ரத்தினம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பெரும்பாலான பெயர் தெரியாத காலேஜ்கள் பெயர் தெரியாமல் இருப்பது நியாயமாகத்தான். நான் தள்ளிவிடுகிற அறிகுறிகள்: ஆசிரியர் பட்டியலில் பாதிப் பேர் வருகைதரு, மீதிப் பேர் போன வருஷம் சேர்ந்தவர்கள், ஹாஸ்டல் ‘விரைவில்’, இணையதளத்தில் லேபை விட ஆடிட்டோரியத்தின் படம் அதிகம்.

நல்ல இடங்களுக்கும் நிஜமான குறை உண்டு. ஒரே துறை நிறுவனத்தில் பிள்ளைக்கு நடுவில் மனசு மாறினால் தாவ இடமில்லை. வேதியியல் கசந்துவிட்டால் ஐசிடியில் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பொருளாதாரம் படிக்க முடியாது. அறுபது பேர் கூட்டத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் ஐந்து வருஷம் ரொம்ப நீளம். பதினேழு வயதில் இன்னும் எதுவும் பிடிபடாத பிள்ளைக்குப் பெரிய, பலதுறைக் காலேஜே நல்லது, கட்ஆஃப் என்னவாக இருந்தாலும் சரி.

என் மகள் விஷயத்தைக் கேட்பவர்களுக்கு: அவள் நவி மும்பையில் எல்லாருக்கும் பெயர் தெரிந்த ஒரு தனியார் காலேஜில் படித்தாள். நாலு வருஷத்தில் கெமிஸ்ட்ரி லேபில் மொத்தம் பதினோரு தடவை நின்றிருப்பாள், எண்ணி வைத்திருக்கிறாள். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஐசிடி இருந்தது.

எங்க ஜாதிச் சான்றிதழ் திருநெல்வேலியில் வாங்கினது. இங்க செல்லாதுங்கறாங்களே அக்கா?

தாராவிப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி, மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் அதிகம் இழக்கிறார்கள். எஸ்சி, எஸ்டி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆந்திராவில் பழங்குடிச் சான்றிதழ் பெற்று, அப்பாவின் வேலைக்காக மகாராஷ்டிராவுக்கு வந்த ஒரு மாணவர் பம்பாய் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: குடிபெயர்ந்தவர் பிறந்த மாநிலச் சலுகையை வந்த மாநிலத்தில் கோர முடியாது. அதனால் மகாராஷ்டிர ஒதுக்கீட்டில் திருநெல்வேலிச் சான்றிதழ் செல்லாது என்பது சரி.

ஆனால் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லும். அங்கே சொந்த மாநிலப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். ஐஐடி, சிஇபிஎஸ், ஐஐபிஎஸ் எல்லாம் இந்த வகை. ஐசிடி மாநில விதியில் வரும். உங்களுக்குத் திறந்திருக்கும் மத்திய வாசல்கள்தான் பெயர் தெரியாத வாசல்களாக இருக்கின்றன. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. பிசி, எம்பிசி என்றால் இன்னொரு விஷயம்: மத்திய ஓபிசி பட்டியலில் உங்கள் சமூகம் இருக்க வேண்டும், மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. ஊருக்கு அலைய வேண்டியிருக்கும், பொங்கல் லீவிலேயே முடித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை இருக்காதே?

அங்கே இன்னும் அதிகம். இல்லினாய் பல்கலைக்கழகம் சோளக்காட்டு நடுவில் இருக்கிறது. இயற்பியலுக்கு 1956-லும் 1972-லும் இரண்டு தடவை நோபல் வாங்கிய ஒரே ஆள் ஜான் பார்டீன் பேராசிரியராக இருந்தது அங்கே. 1993-ல் மொசைக் என்ற இணைய உலாவி பிறந்ததும் அங்கே. ஹர் கோவிந்த் குரானா 1968-ல் நோபல் பெற்றபோது விஸ்கான்சினில் இருந்தார். நம் பிள்ளைகள் பட்டியலில் ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் முதலில் இருக்கும், இவை ‘சேஃப்டி’, அதாவது எப்படியும் கிடைத்துவிடும் என்ற தலைப்பில் கீழே இருக்கும்.

ஒரு பிரபல அமெரிக்கத் தரவரிசை, எவ்வளவு பேரை நிராகரிக்கிறார்கள் என்பதையே 2018 வரை மதிப்பெண்ணில் சேர்த்துக்கொண்டிருந்தது. நிறையப் பேரை விண்ணப்பிக்க வைத்து நிறையப் பேரைத் திருப்பி அனுப்பினால் மரியாதை கூடும். அதே தரவரிசைக்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த புள்ளிவிவரங்களை 2022-ல் அதன் கணிதப் பேராசிரியர் ஒருவரே கேள்வி கேட்டார். இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது. கட்டடமும் வாத்தியாரும் மாறவில்லை.

இப்படி எல்லாருக்கும் சொல்லிட்டா அங்கேயும் கட்ஆஃப் ஏறிடாதா?

ஏறும். ஏறட்டுமே, சயானில் ஒரு மாமி சொல்லி ஏறுகிற அளவு எவ்வளவு!

ரிசல்ட் வந்ததும் உங்ககிட்ட வந்தா போதுமா?

போதாது. ஐஐடி, என்ஐடிக்கு ஜோசா என்ற ஒரே கவுன்சலிங் இருக்கிறது, ஜூனில் அது தானாக உங்களைத் தேடி வரும். நான் சொன்ன இடங்களில் பல அதற்குள் இல்லை. ஐசிடியின் மாட்டுங்கா வளாகத்துக்குப் பெரும்பாலான இடங்கள் மகாராஷ்டிர நுழைவுத் தேர்வான எம்எச்டி சிஇடி வழியாக, ஒரு பங்கு ஜேஇஇ மெயின் வழியாக. சிஇபிஎஸ்ஸுக்கு நெஸ்ட், ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐஏடி என்ற தேர்வு. கணக்குப் பைத்தியமான பிள்ளை என்றால் ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), சிஎம்ஐ (சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்) இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு, வழக்கமாக மே மாதத்தில். விண்ணப்பம் போர்டு பரீட்சை நடக்கும்போதே வந்து முடிந்துவிடும்.

டிசம்பரில் வாருங்கள். சான்றிதழ்கள், போட்டோ, அப்பாவின் வருமானச் சான்று, பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பதை அவன் வாயாலேயே சொல்லத் தெரிந்த பிள்ளை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆரம்பிப்போம், ஆறு மணிக்கு மேல் வந்தால் வடை இருக்காது.